ரஷ்யாவில் ஒரு கிராமப்புற மாவட்டம் 'கலைக்கப்பட்டது' என்றால் உண்மையில் எது கலைகிறது?

2025 ஜூன் மாதம் தெற்கு சைபீரியாவின் அல்தாய் குடியரசில் மக்கள் திரண்டு ஆர்-256 நெடுஞ்சாலையை மறித்தார்கள். மங்கோலிய எல்லைக்குப் போகும் முக்கியச் சாலை அது. கோபத்துக்குப் பெரிய காரணம், கிராம அளவிலான உள்ளாட்சி அமைப்புகளை எடுத்துவிட்டு மாவட்டத்துக்கு ஒரே ஒரு நிர்வாகம் என்று மாற்றும் சட்டம். அதே ஆண்டு மார்ச் 20 அன்று புதின் கையெழுத்திட்ட புதிய உள்ளாட்சிச் சட்டத்தின் தொடர்ச்சி இது.

இதைப் பற்றிய செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. ஒரு செய்தி "மாவட்டம் கலைக்கப்பட்டது" என்கிறது. இன்னொன்று அதே மாவட்டத்தின் நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்கிறது. வரைபடத்தைத் திறந்தால் மாவட்டம் பழையபடி அங்கேயே இருக்கிறது. அப்புறம் எதற்காகச் சாலை மறியல்?

பொதுவாகப் பேசினால் இது புரியாது. ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு, நிலத்திலிருந்து தொடங்கி நிர்வாகத்துக்கு வருவோம். நான் எடுத்துக்கொள்வது ரஷ்யாவின் வடமேற்கில், ஆர்ஹாங்கெல்ஸ்க் மாகாணத்தில் உள்ள கார்கோபோல்.

1. இடம்: பரப்பு பெரிது, ஆட்கள் குறைவு

கார்கோபோல் மாவட்டத்தின் பரப்பு சுமார் 10,100 சதுர கிலோமீட்டர். லெபனான் நாடும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆனால் 2010 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 18,466 பேர். 2002-ல் 22,342 பேர். எட்டே ஆண்டுகளில் ஆறில் ஒருவர் குறைந்துவிட்டார். சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் கார்கோபோல் என்ற ஒரே நகரத்தில்; மீதிப் பேர் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் சிதறிக் கிடக்கிறார்கள்.

மாகாணத்தின் தென்மேற்கு மூலை இது. வடக்கே ப்ளெசெத்ஸ்க் மாவட்டம், கிழக்கே நியாந்தோமா, தென்கிழக்கே கொனோஷா, தெற்கே வொலோக்டா மாகாணம், மேற்கே கரேலியா குடியரசு. மாகாணத் தலைநகர் ஆர்ஹாங்கெல்ஸ்குக்குச் சாலையில் 400 கிலோமீட்டருக்கு மேல்.

நகரத்துக்குத் தெற்கே லாச்சா ஏரி. சுமார் 350 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடந்தாலும் சராசரி ஆழம் இரண்டு மீட்டர்கூட இல்லை. இதிலிருந்து புறப்படுவதுதான் ஒனேகா ஆறு. (கரேலியாவில் உள்ள புகழ்பெற்ற ஒனேகா ஏரிக்கும் இந்த ஆற்றுக்கும் சம்பந்தமில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.) ஆறு 416 கிலோமீட்டர் வடக்கே ஓடி வெண்கடலில் கலக்கிறது. அந்தக் கடலில் காய்ச்சிய உப்பு இந்த ஆற்று வழியாகத்தான் உள்நாட்டுக்கு வந்தது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கார்கோபோல் வணிகர்கள் கொழித்தது அந்த உப்பு வியாபாரத்தால். நகரத்தில் இன்றும் நிற்கும் வெள்ளைக்கல் தேவாலயங்கள் அந்தப் பணத்தில் கட்டியவை. பெரிய கதீட்ரலின் ஆண்டு 1562.

பிறகு பீட்டர்ஸ்பர்க் எழுந்தது, வணிகத்தின் திசை மாறியது. 1890-களில் வொலோக்டாவிலிருந்து ஆர்ஹாங்கெல்ஸ்குக்கு ரயில் பாதை போட்டபோது அது கார்கோபோலைத் தொடாமல் கிழக்கே விலகிப் போனது. நியாந்தோமாவும் கொனோஷாவும் ரயிலால் வளர்ந்த ஊர்கள். கார்கோபோல்காரர்கள் இன்றும் ரயில் ஏற வேண்டுமானால் சுமார் 80 கிலோமீட்டர் சாலையில் போய் நியாந்தோமாவில்தான் ஏற வேண்டும். மாவட்டத்தின் இன்றைய நிலைமையில் பாதியை இந்த ஒரு தகவலே விளக்கிவிடும் என்பது என் எண்ணம்.

நிலத்தின் அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீரும் ஆற்றுநீரும் பாறையைக் கரைத்து உள்ளே வழி தேடிக்கொள்கின்றன. ஒஷெவென்ஸ்க் பக்கத்தில் ஹாலுய் என்ற சிற்றாறு ஓரிடத்தில் தரைக்குள் இறங்கிக் காணாமல் போய், கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி மேலே வருகிறது. மேற்கே கெனோசெர்ஸ்கி தேசியப் பூங்காவில் மாசெல்கா என்ற ஊர்ப்பக்கம் ஒரு குன்று உண்டு. அதன் ஒரு பக்கத்து ஏரியின் நீர் வெண்கடலுக்குப் போகிறது; மறுபக்கத்து வில்னோ ஏரியின் நீர் பால்டிக் கடலுக்குப் போகிறது. குன்றின் உச்சியில் மரத்தாலான ஒரு தேவாலயம்.

இப்படிப்பட்ட நிலத்தில் விவசாயம் எங்கும் பரவலாக நடக்காது. நல்ல மண்ணும் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் ஐந்தாறு சிற்றூர்கள் கொத்தாக உருவாகும்; அடுத்த கொத்துக்கு நடுவே முப்பது, நாற்பது கிலோமீட்டர் காடு. ஒஷெவென்ஸ்க் என்று எல்லோரும் சொல்வதே அப்படி ஒரு கொத்துதான். போகொஸ்த், ஷிர்யாயிஹா, பெரிய ஹாலுய் என்று அதற்குள் தனித்தனி ஊர்கள். அரசுப் பட்டியலில் இருப்பவை இந்தத் தனிப் பெயர்கள். மக்களின் மனத்தில் இருப்பது ஒரே ஒஷெவென்ஸ்க். நிர்வாக எல்லை எங்கே போடுவது என்ற தகராறின் வேர் இந்தக் கொத்து அமைப்பில் இருக்கிறது.

2. ஒரே பெயரில் இரண்டு மாவட்டங்கள்

ரஷ்யாவில் 'ரயோன்' என்று சொல்லும் மாவட்டம் உண்மையில் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிய இரண்டு தாள்கள்.

முதல் தாள், நிர்வாகப் பிரிவு. மாகாணம் தன் நிலப்பரப்பை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்பதைச் சொல்வது. நீதிமன்றம், காவல்துறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம், ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் எல்லாம் பெரும்பாலும் இந்தப் பிரிவை ஒட்டி அமைந்தவை. இந்தத் தாளில் கார்கோபோல் ரயோன் 1929-ல் உருவானது. அப்போது இருந்தது வடக்குப் பெருமாகாணம். ஆர்ஹாங்கெல்ஸ்க் மாகாணம் 1937-ல்தான் வந்தது. ரயோனுக்கு உள்ளே பழைய சோவியத் காலத்துக் கிராம சோவியத் பிரிவுகள், 'செல்சோவியத்' என்ற பெயரிலேயே, இந்தத் தாளில் இன்னும் இருக்கின்றன.

இரண்டாவது தாள், உள்ளாட்சி. தேர்ந்தெடுத்த மன்றம், தலைவர், சொந்த பட்ஜெட், சொந்தச் சொத்து உள்ள அமைப்பு. 1993 அரசியல் சட்டத்தின் 12-வது பிரிவு உள்ளாட்சியை அரசு அதிகார அமைப்பின் பகுதி அல்ல என்று தனியாகவே பிரித்து வைத்தது. 2003 அக்டோபர் 6-ஆம் தேதியிட்ட 131-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் இதற்கு நாடு முழுவதும் ஒரே உருவம் கொடுத்தது. அதன்படி கிராமப்புறத்தில் இரண்டு அடுக்கு:

1. மேலடுக்கு: மாவட்ட உள்ளாட்சி. பள்ளிகள், ஊர்களுக்கு இடையேயான சாலைகள், பேருந்து போன்றவை.
2. கீழடுக்கு: 'பொசெலெனியே'. நம் வழக்கில் ஊராட்சி என்றே சொல்லிவிடலாம். தெருவிளக்கு, கிணறு, உள்ளூர்த் தெரு, இடுகாடு, தீத்தடுப்பின் அடிப்படை ஏற்பாடுகள்.

கார்கோபோலில் கீழடுக்கில் ஒரு நகர ஊராட்சியும் ஐந்து கிராம ஊராட்சிகளும் இருந்தன. ஒஷெவென்ஸ்க் அந்த ஐந்தில் ஒன்று.

"கலைக்கப்பட்டது" என்ற செய்தி பேசுவது இரண்டாவது தாளை மட்டும். 2019-ல் வந்த சட்டத் திருத்தம் 'உள்ளாட்சி ஓக்ருக்' என்ற புது வகையை அறிமுகப்படுத்தியது. ஓக்ருக்கில் ஒரே அடுக்கு. உள்ளே ஊராட்சி கிடையாது. 2020-ல் மாகாணச் சட்டத்தின் மூலம் கார்கோபோலின் நகர ஊராட்சி, ஐந்து கிராம ஊராட்சிகள், மாவட்ட உள்ளாட்சி எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே ஓக்ருக் ஆக்கினார்கள். முதல் தாளில் ரயோன் அப்படியே நிற்க, இரண்டாவது தாளில் ஆறு கோடுகள் அழிந்தன. எல்லை ஒரு மீட்டர்கூட நகரவில்லை. அதனால்தான் வரைபடத்தில் எதுவும் தெரிவதில்லை.

3. பணம் எங்கே போகிறது

ஒற்றை அடுக்கு வேண்டும் என்பவர்களின் முதல் வாதம் பணம். "கிராம ஊராட்சிகளுக்கு வருமானமே இல்லை, இருக்கும் காசும் ஊழியர் சம்பளத்துக்கே போய்விடுகிறது, எதற்கு இத்தனை அலுவலகங்கள்?" என்கிறார்கள். தகவல் சரிதான். ஆனால் வருமானம் ஏன் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கிராமத்தில் ஒருவர் மாதம் 50,000 ரூபிள் சம்பாதிக்கிறார். வருமான வரி 13 சதவீதம், அதாவது 6,500 ரூபிள். பட்ஜெட் விதிப்படி இதில் 85 சதவீதம் மாகாணத்துக்கு. மீதி 15 சதவீதம், 975 ரூபிள், உள்ளாட்சிக்கு. இரண்டடுக்கு முறையில் அந்த 975-ல் மாவட்டத்துக்கு 845, கிராம ஊராட்சிக்கு 130. வரியில் வெறும் 2 சதவீதம். இப்படிச் சம்பாதிப்பவர்கள் நூறு பேர் ஒரு ஊராட்சியில் இருந்தால் மாதம் 13,000 ரூபிள் கிடைக்கும். 2025-ல் ரஷ்யாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 22,440 ரூபிள். பனி தள்ளும் டிராக்டரை ஓட்ட ஒரு ஆளைக்கூட அந்தப் பணத்தில் வைக்க முடியாது.

இந்தப் பங்கு ஆரம்பத்தில் 10 சதவீதமாக இருந்தது. 2015 முதல் 2 ஆகக் குறைத்தார்கள். கூடவே கிராம ஊராட்சியின் பொறுப்புகள் பலவற்றையும் மாவட்டத்துக்கு மாற்றினார்கள். முதலில் வருமானத்தை வெட்டினார்கள். பிறகு வருமானம் இல்லை என்பதையே கலைப்பதற்குக் காரணமாகச் சொன்னார்கள். இந்த வரிசையை மறந்துவிட்டு ஊராட்சிகளின் திறமையைக் குறைசொல்வது நியாயமில்லை.

நில வரியும் வீட்டு வரியும் முழுதாக ஊராட்சிக்கே போய்க்கொண்டிருந்தன, உண்மைதான். ஆனால் பழைய மரவீட்டுக்கு என்ன மதிப்பு வந்துவிடும்? குடியிருப்பு நிலத்துக்கான வரியின் உச்சவரம்பே நிலமதிப்பில் 0.3 சதவீதம்.

இந்த மாவட்டத்தின் பெரிய செல்வம் காடு. வனநிலம் கூட்டாட்சி அரசின் சொத்து. மரம் வெட்டக் கொடுக்கும் குத்தகைப் பணம் மாஸ்கோவுக்கும் மாகாணத்துக்கும் போகிறது. லாரிகள் குதறிப்போட்ட சாலை மட்டும் உள்ளூருக்கு. கெனோசெர்ஸ்கி தேசியப் பூங்காவும் அப்படித்தான். 1991-ல் அமைந்தது, கார்கோபோல், ப்ளெசெத்ஸ்க் இரண்டு மாவட்டங்களிலும் பரவியது, 2024-ல் கெனோசெரோவின் பண்பாட்டு நிலத்தோற்றம் என்ற பெயரில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் அதுவும் கூட்டாட்சி நிறுவனம். பூங்காவுக்குள் வாழும் கிராமத்தார் வீட்டுக்கூரை மாற்றுவதற்கும் பூங்காவின் விதியைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சங்கடம். வருமான வரி வேலை கொடுப்பவர் பதிவான இடத்துக்குப் போகிறது, வேலை செய்பவர் வீடு இருக்கும் இடத்துக்கு அல்ல. மாதக்கணக்கில் வெளியூரில் முறை வேலைக்குப் போகும் ஆண்களின் வரி அந்த வெளியூரில்தான் விழும். பிள்ளைகளின் பள்ளி, அம்மாவின் வைத்தியம், வீட்டு முன்னால் பனி, எல்லாம் இங்கே.

4. கீழடுக்கு போனால் எது போகிறது?

ஊராட்சி இருந்த இடத்தில் ஓக்ருக் நிர்வாகத்தின் 'பிராந்தியப் பிரிவு' ஒன்று வருகிறது. பெரும்பாலும் அதே கட்டடம், அதே மேஜை, பல சமயம் அதே அம்மாதான் உட்கார்ந்திருப்பார். சான்றிதழ் அங்கேயே கிடைக்கும். அன்றாட வாழ்க்கையில் வித்தியாசமே தெரியாது என்று ஆதரவாளர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பள்ளி முன்பே மாவட்டத்தின் பொறுப்பு. மருத்துவம் மாகாணத்தின் பொறுப்பு. மருத்துவ உதவியாளர் மட்டும் இருக்கும் கிராமச் சிகிச்சை நிலையத்தை மூடுவதா வைத்திருப்பதா என்பதை ஊராட்சி எப்போதும் தீர்மானித்ததில்லை. ஓக்ருக்குக்கு வரியின் 15 சதவீதமும் ஒரே கையில் வருவதால், ஒரு பாலத்தைப் பழுதுபார்க்கும் அளவுக்குப் பணம் ஓரிடத்தில் சேரும் வாய்ப்பும் கூடுகிறது.

போவது வேறு மூன்று விஷயங்கள்.

1. மன்றம். ஐந்து ஊராட்சி மன்றங்களுக்குப் பதில் ஒரே ஓக்ருக் மன்றம். மக்கள்தொகைப்படி இடம் பிரித்தால் நகரத்துக்கே பெரும்பான்மை. தொலைவிலுள்ள ஒரு கிராமக் கொத்துக்கு ஒரு உறுப்பினர் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

2. பட்ஜெட். பிராந்தியப் பிரிவுக்குச் சொந்த பட்ஜெட் இல்லை. தலைவர் நியமனம் பெறுபவர். ஊர்மக்கள் அவரை மாற்ற முடியாது. அவராலும் நான்கு விளக்குக் கம்பம் அதிகம் போடத் தானாக முடிவெடுக்க முடியாது.

3. சட்டத்தின் முன் தனி ஆள் என்ற தகுதி. என் பார்வையில் மூன்றிலும் பெரியது இது. அதிகம் பேசப்படாததும் இதுதான்.

மூன்றாவதற்கு அதே மாகாணத்திலிருந்து ஓர் உதாரணம். மாகாணத்தின் தென்கிழக்கே லென்ஸ்கி மாவட்டத்தில் ஷியெஸ் என்ற சிறு ரயில் நிலையம். 2018-ல் மாஸ்கோவின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுவதற்கான கட்டுமானம் அங்கே தொடங்கியது. சுற்றுவட்டார மக்கள் முகாம் போட்டு, குளிர்காலங்களையும் தாண்டி உட்கார்ந்தார்கள். அந்த இடம் உர்தோமா என்ற சிறிய ஊராட்சியின் எல்லைக்குள் வந்தது. மாகாண ஆளுநர் திட்டத்தின் பக்கம் இருந்த காலத்திலேயே உர்தோமா ஊராட்சி நீதிமன்றம் போனது. அங்கே எழுப்பிய கட்டடங்கள் அனுமதியில்லாதவை என்றது வழக்கு. 2020 ஜனவரியில் ஆர்ஹாங்கெல்ஸ்க் நடுவர் நீதிமன்றம் ஊராட்சியின் பக்கம் தீர்ப்புச் சொல்லி, கட்டடங்களை இடிக்க உத்தரவிட்டது. அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

தீர்ப்பு மட்டுமே திட்டத்தை நிறுத்தியது என்று சொல்ல மாட்டேன். முகாமில் உட்கார்ந்தவர்கள் இல்லாவிட்டால் வழக்கும் வந்திருக்காது. ஆனால் வழக்குப் போட ஒரு வாதி வேண்டும். சொந்த எல்லை, சொந்த முத்திரை, தேர்ந்தெடுத்த தலைமை உள்ள ஒரு வாதி. ஓக்ருக்கின் பிராந்தியப் பிரிவு தன் மேலிடத்துக்கோ மாகாணத்துக்கோ எதிராக வழக்குப் போடவே முடியாது. அல்தாயில் மறியலுக்கு வந்தவர்களின் பேச்சில் நிலம் திரும்பத் திரும்ப வந்ததை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் மேஜை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

5. 2025 சட்டம் மாற்றியது என்ன?

2025 சட்டத்துக்கு முன் ஓக்ருக் என்பது மாகாணம் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் ஒரு வாய்ப்பு. 2020-ல் அரசியல் சட்டத் திருத்தம் 132-வது பிரிவில் உள்ளாட்சியையும் அரசு அமைப்புகளையும் 'ஒருங்கிணைந்த பொது அதிகார அமைப்பு' என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. 12-வது பிரிவை நேரடியாகத் தொட முடியாது, அதற்குப் புது அரசியல் சட்டமே வேண்டும். அதனால் அதைத் தொடாமல் சுற்றிவந்தார்கள். 2021 டிசம்பரில் செனட்டர் கிளிஷாசும் நாடாளுமன்றக் கீழவையான துமாவின் உறுப்பினர் கிராஷெனின்னிகோவும் புதிய சட்ட வரைவைக் கொடுத்தார்கள். அதில் ஊராட்சி என்ற கீழடுக்கே எங்கும் இல்லை. 2022 ஜனவரியில் முதல் வாசிப்பு தாண்டியது, பிறகு மூன்றாண்டு கிடப்பில் கிடந்தது.

2025-ல் எழுந்து வந்தபோது ஒரு விட்டுக்கொடுப்பு இருந்தது: உள்ளூர்ச் சூழலைப் பொறுத்து இரண்டடுக்கை வைத்துக்கொள்ளலாமா என்று மாகாணமே முடிவெடுக்கலாம். வெளிப்படையாக எதிர்த்த தத்தார்ஸ்தான் போன்ற குடியரசுகளுக்கு இடம் கொடுத்த மாற்றம் இது. ஆக, "ரஷ்யா முழுவதும் கிராம ஊராட்சி ஒழிந்தது" என்று எழுதுவது தவறு. எதிர்த்து நிற்கும் வலு உள்ள பிராந்தியத் தலைமைக்குத் தேர்வு கிடைத்தது. அந்தப் பிராந்தியத்தின் கிராமத்துக்கு அல்ல. அல்தாயில் குடியரசின் தலைமை ஒற்றை அடுக்கைத் தேர்ந்தெடுத்தது, மக்கள் சாலைக்கு வந்தார்கள்.

தலைவர் தேர்விலும் மாற்றம் உண்டு. நேரடித் தேர்தல் ஒரு வழியாகத் தொடர்கிறது. ஆளுநர் முன்வைக்கும் ஆட்களிலிருந்து மன்றம் தேர்ந்தெடுப்பதும் ஒரு வழி. எந்த வழி என்பதையும் மாகாணச் சட்டம் சொல்லும்.

நாடு முழுக்க உள்ளாட்சி அமைப்புகளின் எண்ணிக்கை 131-ஆம் சட்டம் நடைமுறைக்கு வந்த காலத்தில் சுமார் 24,000. புதிய சட்டம் வருவதற்கு முன்பே அது 18,000-க்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. கார்கோபோல் போன்ற மாவட்டங்கள் அந்தக் குறைவில் அடங்கும். மாறுவதற்கான காலம் 2027 ஜனவரி 1 வரை.

6. கிராமத்தில் மிச்சம் இருப்பது

ஒன்று, 'ஸ்தாரொஸ்தா' என்ற ஊர்ப் பெரியவர். 2018-ல் சட்டம் இந்தப் பதவிக்கு உருவம் கொடுத்தது. ஊர்க்கூட்டம் பெயர் சொல்லும், மன்றம் நியமிக்கும். அரசுப் பதவி அல்ல, சம்பளம் கிடையாது. நிர்வாகத்திடம் ஊர்க்குறையைக் கொண்டுபோவதும், பனி மூடிய சாலைக்காகத் தொலைபேசியில் நச்சரிப்பதும்தான் வேலை.

இன்னொன்று, 'தோஸ்' என்று சுருக்கமாக அழைக்கும் மக்கள் சுய அமைப்பு. ஒரு தெருவோ ஒரு சிற்றூரோ கூடி அமைத்துக்கொள்ளலாம். மாகாணத்தின் போட்டித் திட்டத்தில் விண்ணப்பித்து, கொஞ்சம் மானியம் வாங்கி, மீதியை உடலுழைப்பாகப் போட்டு ஒரு கிணற்றையோ நடைபாலத்தையோ சரிசெய்வார்கள். ஆர்ஹாங்கெல்ஸ்க் கிராமங்களில் இது பழகிப்போன வழி. நன்றாக நடக்கும் இடங்களும் இருக்கின்றன. ஆனால் வரியில் பங்கு உரிமையாக வருவதும், போட்டியில் ஜெயித்து மானியம் வாங்குவதும் ஒன்றல்ல. விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஊரில் இருந்தால் நடைபாலம் வரும். அவர் பிள்ளைகளோடு இருக்க நகரத்துக்குப் போய்விட்டால் அடுத்த ஆண்டு விண்ணப்பம் போகாது.